இன்னும் கொஞ்சம் ஆட்டம் இருக்கு

பெயிண்டர் தன் வாழ்க்கையில் முதன்முதலாக விழுந்தது சமதரையில். சொந்த வீட்டுக் குளியலறை வாசலில், கால்மிதி தடுக்கி.

கேள்விப்பட்டவர்கள் முதலில் நம்பவில்லை. உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்கு வண்ணம் அடித்தே பிழைத்தவர் அவர். மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் இறக்கிய பலகையில் நின்றுகொண்டு, காற்று வந்தால் காற்றோடு ஆடி, காற்று நின்றால் தானும் நின்று, எடுத்த சுவரை முடித்துவிட்டுத்தான் கீழே இறங்குவார். பக்கத்தில் நிற்கும் கூட்டாளி பயத்தில் கயிற்றை இறுக்கிப் பிடித்தால், "மெதுவாப் பிடிடா, கயித்துக்கு வலிக்கப் போகுது" என்பார். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவருக்குக் கால் தவறியதில்லை.

அப்படிப்பட்டவர் கால்மிதியில் விழுந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி அவரைத் தூக்கப் பார்த்தாள். பாரம் தாங்காமல் அவளும் சரிந்தாள். சரிந்த வேகத்தில் கையை ஊன்ற, மணிக்கட்டு முறிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து பார்த்தபோது, புருஷனும் பெண்டாட்டியும் தரையில் கிடந்தபடியே, "நீ ஏன் என்னை இழுத்தே?", "நீங்க ஏன் விழுந்தீங்க?" என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். பிற்பாடு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர்கள் இரண்டு பேரும் சிரித்ததில்லை.

பெயிண்டருக்கு எலும்பு எதுவும் முறியவில்லை. முறிந்தது வேறு. ஒரு தடவை விழுந்தவனுக்குத் தரை மேல் நம்பிக்கை போய்விடும். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நடை குறைந்தது. நடை குறையக் குறையக் கால் சூம்பியது. அடுத்த மாதமே அடுப்படியில் மறுபடி விழுந்தார். அப்போது மனைவியின் கை மாவுக்கட்டில் இருந்தது. அவள் தூக்க வரவில்லை. வாசலுக்குப் போய் ஆளைக் கூப்பிட்டாள். ஆள் வந்து சேரும்வரை அவர் தரையில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியூரில் இருந்த மகள் வந்தாள். ஊருக்குக் கிழக்கே முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்று இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார்கள், உடற்பயிற்சி சொல்லித் தருகிறார்கள், கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும் என்றாள். பெயிண்டர் மனைவியைப் பார்த்தார்.

"கால் கெட்டியாகட்டுங்க" என்றாள் அவள். "நீங்க யார் துணையும் இல்லாம தானா எழுந்து நடந்தா, அன்னிக்கே வந்து கூட்டிட்டு வந்துடறேன். நான் இல்லாம வேற யாரு கூட்டிட்டு வரப் போறாங்க?"

அந்த வார்த்தையை நம்பித்தான் அவர் போனார்.

இல்லம் மூன்று மாடிக் கட்டடம். நடைகூடத்தின் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. கழுவின தரையில் மருந்து வாசனை. பெயிண்டர் உள்ளே நுழைந்ததும் பார்த்தது சுவரைத்தான். ஜன்னலுக்குக் கீழே ஈரம் பூத்து வண்ணம் பொரிந்திருந்தது. மூலையில் பிரஷ் தடம் கோடு கோடாகத் தெரிந்தது.

"எவன் அடிச்சான் இதை? காசை வாங்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டு அடிச்சிருக்கான்" என்றார்.

அவரோடு அறையில் இருந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர். வாய் சும்மா இருக்காத மனிதர். "அது கெடக்கட்டும் பெயிண்டரே, உங்க வீட்டுச் சுவர் எப்படி இருக்கும்? கண்ணாடி மாதிரி மின்னுமோ?" என்று கேட்டார்.

பெயிண்டர் பேச்சை மாற்றினார். அவர் வீட்டுச் சுவர் கட்டினபோது ஒரு தடவை வெள்ளையடித்ததோடு சரி. இளநீலம் அடிக்க வேண்டும் என்று மனைவி கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "ஊர்ச் சுவரெல்லாம் அடிச்சிட்டு வந்து வீட்டுக்குள்ளயும் பிரஷ்ஷைப் பிடிக்கணுமா? அடுத்த மழை முடியட்டும்" என்பார். எத்தனையோ மழை முடிந்துவிட்டது.

இல்லத்தில் உடற்பயிற்சி சொல்லித் தந்தவள் ஓர் இளம்பெண், பிசியோதெரபிஸ்ட். அந்தச் சொல் பெயிண்டர் வாயில் நுழையவில்லை. நிற்கச் சொல்கிறாள், உட்காரச் சொல்கிறாள், கையைத் தூக்கச் சொல்கிறாள். பள்ளிக்கூடம் மாதிரிதானே இருக்கிறது என்று 'டீச்சர்' என்று கூப்பிட்டார். அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது.

அவர் வந்த கொஞ்ச நாளில் பயிற்சிக் கூடத்துக்கு ஒரு புது இயந்திரம் வந்தது. பெரிய எடைபார்க்கும் கருவி மாதிரி ஒரு மேடை, முன்னால் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பி, ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் மேடை 'உம்' என்று அதிரும். எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டு வேடிக்கை பார்த்தார்கள். யாரும் கிட்டே போகவில்லை.

"இதுல ஏறினா பல்செட்டு கழண்டு வந்துடும்" என்றார் தபால்காரர்.

டீச்சர் சிரித்துக்கொண்டே விளக்கினாள். "விழாம இருக்கறதுக்கு வெறும் பலம் மட்டும் போதாதுங்க. கால் தடுக்குற அந்த நொடியில தசை தன்னால இழுத்துப் பிடிக்கணும். வயசாக ஆக அந்தப் பிடி மெதுவாயிடும். இந்த மேடை லேசா அதிர்ந்துக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு அதிர்வுக்கும் உங்க கால் தசை தானா இறுகும், தானா விடும். முட்டியைக் கொஞ்சம் மடிச்சு நின்னா போதும். இது ஒண்ணே எல்லாத்தையும் சரி பண்ணிடாது. கூடவே எழுந்து உட்கார்ற பயிற்சியும் நடைப்பயிற்சியும் செய்யணும். இதய பேஸ்மேக்கர் வெச்சவங்களுக்கும் எலும்பு புதுசா முறிஞ்சவங்களுக்கும் இது வேண்டாம். மத்தவங்க யாரு முதல்ல வர்றீங்க?"

பெயிண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வெறுங்காலோடு மேடையில் ஏறினார். டீச்சர் பொத்தானை அழுத்தினாள். உள்ளங்காலில் புகுந்த அதிர்வு கெண்டைக்காலில் ஏறி, தொடையில் ஏறி, கடைசியில் மூக்கு நுனியில் போய் அரித்தது. அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அதிர்வில் சிரிப்பும் விட்டு விட்டு வந்தது.

"என்ன ஐயா, பயமா இருக்கா?"

"ப-ப-பயமா? டீச்சர், இ-இது நம்ம பலகைதான். காத்துல தொங்குற பலகை!"

இயந்திரத்துக்கு 'குலுக்கி' என்று பெயர் வைத்தது தபால்காரர். பெயிண்டர் குலுக்கியின் முதல் சீடர். கொஞ்சம் நின்று, கொஞ்சம் உட்கார்ந்து, மறுபடி நின்று, டீச்சர் சொன்னபடியே செய்தார். மற்றவர்களையும் இழுத்துவந்து ஏற்றினார். முட்டிவலி என்று சாக்குச் சொன்னவர்களை, "சும்மா நிக்கறதுக்குமா கூலி கேக்கறீங்க?" என்று கேலி செய்தார். கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழுந்தவர்களில் முதல் ஆள் அவர்தான். நின்றபடியே முகம் மழித்துக்கொண்டார். கம்பியைத் தொடாமல் நடைகூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வந்தார்.

மனைவி வாரம் ஒரு தடவை பஸ் ஏறி வருவாள். பிஸ்கட்டும் துவைத்த சட்டையும் கொண்டுவருவாள். அவளுக்கு முன்னால் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து காட்டுவார். ஒற்றைக் காலில் நின்று காட்டுவார்.

"பாத்தியா? கொக்கு மாதிரி நிக்கறேன்!"

"போதும் போதும், உட்காருங்க" என்பாள். கதவுப் பக்கம் நிற்கும் டீச்சரைப் பார்ப்பாள். பெண்டாட்டிக்குத் தன்னைப் பார்க்கவே பயம் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

"டீச்சர், நான் எப்போ வீட்டுக்குப் போலாம்?"

டீச்சர் அவர் காலைக் குனிந்து பார்ப்பாள். கோட்டின் மேல் நடக்கச் சொல்வாள். "இன்னும் கொஞ்சம் ஆட்டம் இருக்கு ஐயா" என்பாள்.

அடுத்த மாதம் கேட்டார். இன்னும் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. அதற்கடுத்த மாதமும் இருந்தது. அவருக்கு எந்த ஆட்டமும் தெரியவில்லை. ஆனாலும் படித்த பெண் பொய்யா சொல்லப் போகிறாள்? கால்மிதியில் விழுந்த அன்றுகூட, விழும்வரைக்கும் கால் நன்றாகத்தானே இருந்தது? தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று தன் காலுக்குள் ஒளிந்திருக்கிறது என்று நம்பத் தொடங்கினார். படியிறங்கும்போது தயங்கினார். விட்டிருந்த கம்பியை மறுபடி தொட ஆரம்பித்தார். பயிற்சி நேரம் முடிந்த பிறகும் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினார்.

"யோவ், மனுஷன் ஒலிம்பிக்குக்கே போகலாம்யா. இன்னும் உனக்கு என்ன ஆட்டம்?" என்றார் தபால்காரர்.

"உனக்கு என்ன தெரியும்? டீச்சர் கண்ணுக்குத் தெரியுது."

தபால்காரர் அதற்கு மேல் பேசவில்லை. அவர் சும்மா இருந்தது அதிசயம்தான். பெயிண்டர் அதைக் கவனிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் டீச்சர் தங்கை கல்யாணத்துக்கு லீவு போட்டாள். அவள் இடத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். முதல் நாள் காலை பயிற்சிக் கூடத்தில் பெயிண்டர் மற்றவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவன் அவரிடம் வந்து, "சார், நீங்க யாரைப் பார்க்க வந்திருக்கீங்க? பார்வையாளர் நேரம் சாயங்காலம்தானே?" என்றான்.

கூடமே சிரித்தது. பெயிண்டரும் சிரித்தார். "நான் இங்கதான் தம்பி தங்கியிருக்கேன். காலுல ஆட்டம்."

"ஆட்டமா?"

அவன் அவரை எழுந்து உட்காரச் சொன்னான். நடந்து திரும்பச் சொன்னான். ஒரு காலைத் தூக்கி நிற்கச் சொன்னான். கண்ணை மூடி நிற்கச் சொல்லிப் பக்கத்தில் நின்றுகொண்டான். பிறகு நிமிர்ந்து, "எங்க ஆட்டம்? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான்.

"நல்லாப் பாருங்க தம்பி. டீச்சர் தப்பாச் சொல்ல மாட்டாங்க."

அவன் மறுபடி பார்த்தான். "சார், உங்க வயசுக்கு இது ரொம்ப நல்ல நிலைமை. வீட்டுல குளியலறையில ஒரு கைப்பிடி மாட்டிக்குங்க, கால்மிதியை எடுத்துப் போடுங்க, பயிற்சியை விடாதீங்க. அவ்வளவுதான். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

பெயிண்டர் தபால்காரரைத் திரும்பிப் பார்த்தார். தபால்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறைக்குப் போனதும் கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்னு இல்ல. ஒரு நாள் உன் வீட்டம்மா நடைகூடத்துல டீச்சர்கிட்ட ஏதோ கெஞ்சிக்கிட்டு இருந்தாங்க. 'இன்னும் கொஞ்ச நாளைக்கு'ன்னு காதுல விழுந்துச்சு. அடுத்தவன் வீட்டு விஷயம். தபாலைக் கொண்டு போய்க் கொடுக்கறதுதான் என் வேலை, பிரிச்சுப் படிக்கறது இல்ல."

"நீ பிரிச்சுப் படிக்க வேணாம். என் கையில கொடுத்திருக்கலாம்ல?"



டீச்சர் திரும்பி வந்த அன்று பெயிண்டர் கூடத்துக்கு முதல் ஆளாகப் போனார். குலுக்கியில் ஏறவில்லை. அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"கல்யாணம் நல்லா நடந்துச்சா டீச்சர்?"

"நல்லா நடந்துச்சு ஐயா."

"என் காலைப் பாத்துச் சொல்லும்மா. ஆட்டம் இருக்கா?"

அவர் குரலிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "அம்மா கேட்டுக்கிட்டாங்க ஐயா" என்றாள். "மணிக்கட்டு இன்னும் சேரலை, இப்போ அவர் வந்து மறுபடி விழுந்தா நான் என்ன பண்ணுவேன்னு அழுதாங்க. ஒரு மாசம்தானேன்னு நானும் ஒத்துக்கிட்டேன். அப்புறம் இன்னொரு மாசம் கேட்டாங்க. முதல்ல சொன்னதை எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியல. நீங்களும் பயிற்சி விடாம செஞ்சுக்கிட்டு இருந்தீங்க, அதனால உங்களுக்கு நல்லதுதானேன்னு..."

"நல்லதுதான்" என்றார் அவர். "நீ என்னைப் போக வேணாம்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். 'உன் சம்சாரம் வேணாங்கறா'ன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன். அதெல்லாம் போகட்டும். நான் இந்தக் காலை வெச்சுப் பொழைச்சவன்மா. நல்லா இருந்த காலை நல்லா இல்லைன்னு சொல்லி, என்னையே நம்ப வெச்சியே. படியில கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினேனே, நீ பார்த்துக்கிட்டுதானே இருந்தே?"

டீச்சர் அழுதாள். அவர் தேற்றவில்லை. எழுந்து போய்விட்டார்.

இல்லத்து அலுவலகத்தில், வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்றார். அவர்கள் மகளுக்குப் போன் போட்டுக் கொடுத்தார்கள்.

"அப்பா, அவசரப்படாதீங்க. அம்மா பாவம்ப்பா" என்றாள் மகள்.

"அப்போ உனக்கும் தெரியும்."

"இதுல மறைக்க என்னப்பா இருக்கு? சரியான நேரம் பார்த்துச் சொல்லலாம்னு இருந்தோம்."

'இருந்தோம்' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் போனை மேஜை மேல் வைத்துவிட்டார். அதற்குள்ளிருந்து மகள் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

தனியாகப் பஸ் ஏறினார். கூட்டமாக இருந்தது. ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நின்றுகொண்டே போனார். வண்டி குழியில் இறங்கி ஏறியது, திருப்பத்தில் சாய்ந்தது, பிரேக் போட்டது. பக்கத்தில் நின்ற வாலிபன் ஒருவன் தடுமாறி அவர் தோளைப் பிடித்தான். இவர் நின்ற இடத்திலேயே நின்றார். அத்தனை மாதங்கள் உழைத்துச் சம்பாதித்த கால் அது. இன்னொரு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

தெருமுனையில் இறங்கி நடந்தார். தன் வீட்டைத் தாண்டி இரண்டு வீடு போய்விட்டுத் திரும்பி வந்தார். வீடு அடையாளம் தெரியவில்லை. சுவர் முழுக்க இளநீலம்.

நிதானமாகக் கிட்டே போய்ச் சுவரைத் தொட்டார். பழைய பூச்சைச் சுரண்டி, வெடிப்பை அடைத்து, தேய்த்து, அதன் மேல் இரண்டு தடவை அடித்திருந்தது. ஜன்னல் ஓரத்தில் ஒரு சொட்டு வழியவில்லை. மோசமாக அடித்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஓரத்தை முடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் யார் கை என்று தெரிந்துவிட்டது. பலகையில் பக்கத்தில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டவன். போன மாதம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு இல்லத்துக்கு வந்து, பழைய கதையெல்லாம் பேசிவிட்டுப் போனானே, அந்தக் கூட்டாளி. இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மனைவி மேஜை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு அவர் பார்த்ததே இல்லை. அவர் சாப்பிடும்போது அவள் நின்றுகொண்டிருப்பாள். அப்புறம் எப்போது சாப்பிட்டாள் என்று அவருக்குத் தெரியாது. அவருடைய கட்டில் இருந்த இடத்தில் ஒரு தையல் மெஷின் இருந்தது.

அவரைப் பார்த்ததும் அவள் கை தட்டிலேயே நின்றது.

"எப்படி வந்தீங்க?"

"நடந்து வந்தேன். யார் துணையும் இல்லாம."

அவள் எழுந்தாள். ரேடியோவை நிறுத்தினாள். "உட்காருங்க" என்றாள். அவர் உட்காரவில்லை.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. அதானே விஷயம். ஊருக்கே தெரிஞ்சிருக்கு, ஒருத்தன் வாயைத் திறக்கல. டீச்சர், பொண்ணு, கூட்டாளி... எல்லாரையும் நல்லாக் கோத்து வெச்சிருக்கே."

"நான் யாரையும் கோக்கலைங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா அழுதேன். அவ்வளவுதான்."

"எங்கிட்ட ஏன் அழல?"

அவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். "கை சரியானதும் கூப்பிட்டுக்கணும்னுதான் இருந்தேன். சத்தியமா. முதல்ல எல்லாம் பயம். நீங்க எழுந்திரிக்கிற சத்தம் கேட்டா, எங்க விழப் போறீங்களோன்னு நெஞ்சு அடிச்சுக்கும். நீங்க அங்க போனப்புறமும் சத்தம் கேட்ட மாதிரியே இருக்கும். அப்புறம் ஒரு நாள் அந்தப் பயம் போயிடுச்சு. போன இடத்துல நிம்மதி வந்து உட்கார்ந்துக்கிச்சு. காலையில எனக்குத் தோணும்போது எழுந்திரிக்கிறேன். ரெண்டு துணி தைக்கறேன். யாரும் 'இந்தா'ன்னு கூப்பிடல. இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றது? எந்தப் பொண்டாட்டி புருஷன்கிட்ட இதைச் சொல்லுவா?"

"நான் உன்னை அடிச்சேனா? குடிச்சிட்டு வந்தேனா?"

"இல்ல. அப்படி ஏதாவது பண்ணியிருந்தீங்கன்னா சொல்றதுக்குச் சுலபமா இருந்திருக்கும்."

அவர் சுவரைக் காட்டினார். "இது?"

"கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. நீங்க அடிச்சுத் தர மாட்டீங்கன்னு தெரிஞ்சு போச்சு. அதான்."

"அதுக்காகவா என்னை அங்க விட்டே?"

"சுவருக்காக யாராவது அப்படிப் பண்ணுவாங்களா? அது வேற, இது வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார் பெயிண்டர். அவர் குரல் உயரவில்லை. "ஒவ்வொரு வாரமும் வந்து என் முன்னால உட்கார்ந்தே. நான் ஒத்தக் கால்ல நின்னு காட்டினேன். குழந்தை மாதிரி. நீ வந்து கூட்டிட்டுப் போவேன்னு. நீ பிஸ்கட்டைப் பிரிச்சுக் கொடுத்துட்டு, போற வழியில அந்தப் பொண்ணுகிட்ட 'இன்னும் கொஞ்ச நாள்'னு சொல்லிட்டுப் போயிருக்கே. வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போறது. நான் என்ன, நாயா? பின்னாலேயே ஓடி வரப் போறேனா?"

அவள் அழுதாள். ஆனால், "வாங்க, வந்துடுங்க" என்று உடனே சொல்லவில்லை. அவர் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னாள்: "வந்ததுதான் வந்தீங்க, இருங்க. மெஷினை நகத்திடலாம்."

அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது.

"டீ போடட்டுமா?"

"வேணாம்."

வாசற்படியில் அவர் கால் வைத்தபோது, பழக்கதோஷத்தில் அவள் ஓடிவந்து முழங்கையைப் பிடித்தாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"விடு. எனக்கு ஆட்டம் இல்ல."

இல்லத்துக்கே திரும்பினார். உன் வீடு, உன் உரிமை, போய் உட்கார வேண்டியதுதானே என்றார் தபால்காரர். "உட்காரலாம். அவ சாப்பாட்டுத் தட்டைப் பிடிச்சுக்கிட்டு மறுபடி நிக்க ஆரம்பிச்சுடுவா. நான் அதைப் பாத்துட்டே சாப்பிடணும்" என்றார் பெயிண்டர். மனைவியைப் புரிந்துகொண்டதாக அதற்கு அர்த்தமில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது. கோபத்தோடு அந்த வீட்டில் இருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

பல நாட்கள் பயிற்சிக் கூடத்துப் பக்கமே போகவில்லை. படுத்தே கிடந்தார். டீச்சர் அறை வாசல்வரை வந்து நின்றுவிட்டுப் போவாள். ஒரு நாள் உள்ளேயே வந்துவிட்டாள். "என் மேல கோவம்னா திட்டுங்க ஐயா. உங்க கால் மேல காட்டாதீங்க. இப்படியே படுத்திருந்தா நான் சொன்ன பொய் நிஜமாயிடும்."

அது அவரைச் சுட்டது. மறுநாள் கூடத்துக்குப் போனார். எல்லோரும் உட்கார்ந்திருக்க, நடுவில் நின்று டீச்சரிடம் சொன்னார்: "இனிமே யாரோட காலைப் பாத்தாலும், பாத்ததை இங்கயே சத்தமாச் சொல்லணும். அவங்கவங்க காலு, அவங்கவங்க காதுல முதல்ல விழணும். வீட்டுக்காரங்களுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்."

டீச்சர் தலையை ஆட்டினாள். அன்று முதல் அப்படியே செய்தாள். சிலருக்கு அது கசப்பாகவும் இருந்தது. 'முன்னைக்கு இப்போ குறைஞ்சிருக்கு' என்று கேட்க யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயிண்டர் அவளோடு பேசினார், அவள் சொன்ன பயிற்சியைச் செய்தார். 'டீச்சர்' என்று மட்டும் கூப்பிடவில்லை. 'ஏம்மா' என்பதோடு சரி. மற்றவர்கள் 'டீச்சர்' என்று கூப்பிடும்போதெல்லாம் அவள் ஓரக்கண்ணால் அவரைப் பார்ப்பாள்.

கூட்டாளி ஒரு தடவை வந்தான். பெயிண்டர் தூங்குவதாகச் சொல்லியனுப்பினார். அவன் பிறகு வரவில்லை. மகள் வந்து இரண்டு நாள் இருந்து, அழுது, சண்டை போட்டு, தன்னோடு வந்துவிடுங்கள் என்றாள். "அங்க வந்தா யார் யார்கிட்ட என்ன பேசி வெச்சிருக்கீங்கன்னு நான் தினம் யோசிச்சுக்கிட்டு இருக்கணும். இங்கயே இருக்கேன்" என்றார்.

மனைவி மட்டும் வாரம் தவறாமல் வந்தாள். முதல் சில வாரங்கள் அவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவள் அவர் முதுகோடு பேசிவிட்டுப் போவாள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன், தெருவில் குழாய் தோண்டுகிறார்கள், மகளுக்குச் சளி. நாளடைவில் அவர் திரும்பி உட்கார்ந்தார். கேட்டதற்குப் பதில் சொன்னார். சட்டையைக் கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொண்டார். தன் சட்டையைத் தானே துவைக்கக் கற்றுக்கொண்டுவிட்டதால், அவள் கொண்டுவந்ததை அவர் உடுத்துவதில்லை. அலமாரியில் அடுக்கிவைத்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் விழவே இல்லை. அந்த இல்லத்தில் அவரைவிட நன்றாக நடந்தவர் யாரும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் அவரைப் பார்த்து, இவ்வளவு நல்லா நடக்கறவர் ஏன் இங்கே இருக்கிறார் என்று கேட்பார்கள். தபால்காரர் அந்தக் கேள்வி அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்வார்.

போன வாரம் மனைவி வந்திருந்தபோது மழை தூறியது. அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். அவளுக்கு இப்போது முட்டி வலி. தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு கேட்வரை கூடப் போனார். கூடப் போனார் என்றா சொல்வது? முன்னால் போனார். நேரான, அசையாத நடை. அவள் பின்னால், நடைபாதை ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"கொஞ்சம் மெதுவாப் போங்களேன்" என்றாள்.

அவர் காதில் விழுந்தது. நடையைக் குறைக்கவில்லை. கேட்டை அடைந்ததும் நின்றார். திரும்பிப் பார்க்காமலே அவள் வந்து சேரும்வரை நின்று, குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு, மழையில் நனைந்தபடி உள்ளே போனார்.